பன்னிரண்டு கூடை

கூடைக்கு ஒரு புளியங்கொட்டை. முதலாளி சென்னிமலையின் ஜவ்வரிசி எடுக்கும் சேகோ மில்லில் அவனுடைய அப்பா காலத்திலிருந்து அதுதான் நடைமுறை. குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, தோல் உரித்து, கூடை நிறைந்ததும் கழுவுகிற தொட்டியில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வரும் பெண், சட்டியிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துத் தன் டப்பாவில் போட வேண்டும். கொட்டகைச் சுவரோரம் பதினோரு பெண்களுக்கும் பதினோரு பால்பவுடர் டப்பாக்கள் இருந்தன. பொழுது சாய்ந்ததும் சென்னிமலையின் மனைவி சௌந்திரம் வந்து எண்ணி, சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவிட்டுப் போவாள். சனிக்கிழமை கூலி.

பன்னிரண்டாவதாக ஒருத்தி அங்கே உட்கார்ந்திருந்தாள். சென்னிமலையின் அக்கா சென்னியம்மாள். அவளுக்கு டப்பா கிடையாது. முதலாளியின் அக்காவுக்கு எதற்கு டப்பா?

ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை போகிற சாலையில், போதமலை நேரே தெரிகிற இடத்தில் மில் இருந்தது. மாசி மாதத்தில் விடியற்காலைப் பனிக்குக் கிழங்கெல்லாம் ஈரமாக இருக்கும். கத்தி பிடித்த விரல் மரத்துப்போகும். ஒன்பது மணிக்கு மேல் வெயில் தகரக் கூரையில் ஏறிவிடும். ஊறிய மாவின் புளித்த வாசனை கூந்தலிலும் சேலையிலும் ஏறி, வீட்டுக்குப் போனாலும் கூடவே வரும். நாளைக்கு எழுபத்தேழு கூடை கிழங்கு தொட்டிக்குப் போனால்தான் அரவை மிசின் பொழுது சாயும் வரை ஓடும். பிடுங்கிய கிழங்கை இரண்டு நாளுக்கு மேல் வைக்க முடியாது. உள்ளே நரம்பு நரம்பாகக் கருத்துவிடும். கருத்த கிழங்கில் ஜவ்வரிசி எடுத்தால் நிறம் மங்கும். செவ்வாய்ப்பேட்டை வியாபாரி ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பார்த்துவிட்டு, பேசாமல் மூட்டையிலேயே திரும்பப் போட்டுவிடுவான்.

எழுபத்தொன்பதாம் வருஷம் அந்த மாசியில் கொட்டகைக்குள் ஒரே பேச்சாக இருந்தது.

"ஏனுங் பெரியம்மிணி, இனிமேலுக்குக் கூடைக் கணக்கு இல்லையாமா? சர்க்காரு நாளுக்கு அஞ்சு ரூவா குடுக்கோணும்னு சொல்லீருச்சாமா?" என்றாள் காளியாத்தாள். கொட்டகையில் பெரிய வாய் அவளுக்குத்தான்.

"எனக்கென்ன தெரியும்? தம்பி மீட்டிங்குக்குப் போயிருக்கறான். வந்தாத் தெரியும்" என்றாள் சென்னியம்மாள், கத்தியை நிறுத்தாமல்.

"அஞ்சு ரூவா வந்தா மொதல்ல ஒரு மூக்குத்தி வாங்கிப்போடுவேன்."

"மூக்குத்திக்கு முந்தி மூக்கைச் சிந்துடி. கெழங்கு மேல ஒழுகுது" என்றாள் ஆராயி. அறுபது தாண்டியவள். அவள் சிரிக்காமல் சொல்லிவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தாள். மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் தூளியில் கிடந்த சின்னாயியின் குழந்தை விழித்துக்கொண்டது. சின்னாயி கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனாள். அந்த நேரத்தில் சென்னியம்மாள் ஒரு கூடையைக் கொட்டிவிட்டு வந்து, கொட்டையைச் சின்னாயியின் டப்பாவில் போட்டாள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அது பழகிப்போன சத்தம்.

*

சேலத்தில் நடந்த முதலாளிகள் கூட்டத்திலிருந்து சென்னிமலை கலங்கிப்போய்த் திரும்பினான். கஞ்சன் அல்ல அவன். தீபாவளிக்கு ஆளுக்கொரு சேலை கேட்காமல் கொடுப்பவன். ஆனால் எட்டு நாளில் நாள் கூலிக்கு மாற வேண்டும் என்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கூட்டத்தில் ஒருவர், ஆள் கணக்குக் குறையும்படி மில்லை மனைவி பெயரில் பாதி எழுதி இரண்டு மில்லாகக் காட்டப்போவதாகச் சொன்னார். இன்னொருவர், உரிக்கிறவர்களையெல்லாம் சொந்தக்காரர்கள் என்று எழுதிவிட்டால் யார் கேட்பது என்றார். சென்னிமலைக்கு இரண்டும் பிடிக்கவில்லை.

"குடுக்கறதுன்னா நேராக் குடுத்தரலாம். பொய் எழுதி வெச்சுட்டு, இன்ஸ்பெக்டரு ஜீப்புச் சத்தம் கேக்கறப்பெல்லாம் நோட்டை ஒளிக்கறதுக்கு என்னால ஆவாது" என்றான் சௌந்திரத்திடம்.

அதற்காகத்தான் அஸ்தம்பட்டியிலிருந்து சுவாமிநாதனை வரவழைத்தான். நூல் மில் ஒன்றில் ஆபீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. அவர் வந்ததும் மூன்று காரியம் சொன்னார். வருகைப் பதிவேடு வைக்க வேண்டும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறை எழுத வேண்டும். மூன்றாவது, இப்போது ஆள் ஒருவர் நாளைக்கு எவ்வளவு வேலை செய்கிறார் என்று உண்மையாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"அது தெரியாமக் கூலியை மாத்துனா, ஒண்ணு நீங்க நஷ்டப்படுவீங்க, இல்ல அவங்க நஷ்டப்படுவாங்க" என்றார்.

ஒரு வாரம் தினமும் சாயங்காலம் வந்து, சௌந்திரம் எண்ணுவதை எழுதிக்கொண்டார். ஆபீஸ் அறையிலேயே உட்கார்ந்திருந்தார்; கொட்டகையின் ஈரத்துக்கு அவருக்கு மூச்சு இழுக்கும். வாரக் கடைசியில் தாளை எடுத்து வைத்தபோது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"பதினோரு பேரும் ஏழு கூடை. ஒண்ணு கூட, ஒண்ணு கொறைய. கிழவியும் ஏழு, கைக்குழந்தைக்காரியும் ஏழு. நான் எந்த மில்லுலயும் இப்படிப் பார்த்ததில்ல."

"பழக்கமுங்க" என்றான் சென்னிமலை பெருமையாக.

"கூடைக் கூலியில ஏழு உரிக்கறவங்க, நாள் கூலியில கேட்டா எட்டரை உரிப்பாங்க. அப்படின்னா ஒன்பது பேர் போதும். ரெண்டு பேரை நிறுத்தினா, புதுக் கூலி உங்களுக்குப் பெரிய பாரமா இருக்காது." பேனாவை மூடியவர் மறுபடி திறந்தார். "ஜன்னல் வழியாப் பார்த்தேன், முன்னால உட்கார்ந்து உரிக்கறாங்களே ஒரு அம்மா, அவங்க யாரு?"

"என்ற அக்காங்க. சும்மா, பொழுது போகோணுமில்ல? உக்காந்திருப்பாங்க."

"சட்டத்துக்குப் பொழுதுபோக்கு தெரியாதுங்க. கையில கத்தி இருந்தா பேர் நோட்டுல இருக்கணும். ஒண்ணு எழுதுங்க, இல்லேன்னா உட்கார வைக்காதீங்க."

சென்னிமலையின் முகம் சிவந்தது. "எங்கக்கா பேரைக் கூலிக்காரங்க நோட்டுலயா? தாலி இழந்து வந்த பொறப்பைக் கூலிக்கு வெச்சுட்டான்னு பங்காளிக காறித் துப்ப மாட்டானுங்களா? வேண்டாமுங்க. ஊட்லயே இருக்கட்டும்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அக்காவிடம் சொன்னான்.

"யாரை நிறுத்தறே?" என்றாள் அவள்.

"எல்லாரும் ஒரே அளவுதான் உரிக்கறாங்க. அப்பறம் யாரைச் சொல்ல? ஆராயிக்கு வயசாச்சு. சின்னாயி கொழந்தைய வெச்சுட்டு அல்லாடறா."

"அவிய ரெண்டு பேரையும் நிறுத்தாத, தம்பி."

"இருக்கட்டும்னு நானும் நெனைக்கறேன். முடியோணுமே? உனக்கும் அறுபது வயசு வரைக்கும் கெழங்கு உரிக்கோணும்னு விதியா? நாம்போட்ட சோத்தை உண்டுட்டு நிம்மதியா இரு."

சென்னியம்மாளுக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. சொன்னால் பதினோரு பேரையும் தம்பி எப்படிப் பார்ப்பான் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. எழுந்துபோய்த் தன் கத்தியைக் கழுவி, துணியில் துடைத்து, சமையலறை அலமாரியில் வைத்தாள்.

*

பங்குனி ஒன்றாம் தேதி ஒன்பது பெண்கள் நாள் கூலிக்கு உட்கார்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று பலகையில் எழுதித் தொங்கவிடப்பட்டது. காளியாத்தாள் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, "ஞாயித்துக்கெழமை எங்க ஊட்டுக்காரனுக்கும் லீவாமா? அப்பத்தான எனக்கு லீவு" என்றாள்.

அன்று ஐம்பத்தேழு கூடை.

முதல் நாள்தானே என்று சென்னிமலை விட்டுவிட்டான். இரண்டாம் நாள் ஐம்பத்தெட்டு. மூன்றாம் நாள் மூன்று மணிக்கே உரித்த கிழங்கு இல்லாமல் அரவை மிசின் நின்றது. அது நின்ற பிறகு வந்த அமைதியில், மில்லை ஒட்டிய வீட்டுக்குள் இருந்த இரண்டு பெண்களும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்கள். சென்னியம்மாள் கத்திரிக்காயை அரிந்துகொண்டிருந்தாள். பழக்க தோஷத்தில் தோலையும் சீவிக்கொண்டிருந்தாள்.

"நங்கையா, கத்திரிக்காய்க்குத் தோலு வேணுங்க" என்றாள் சௌந்திரம், நாத்தனாரிடம் மெதுவாக.

சென்னியம்மாள் கையைப் பார்த்தாள். வைத்துவிட்டாள்.

வெளியே கிழங்கு ஏற்றிய வண்டிகள் நான்கு நின்றிருந்தன. முத்தாயம்மாள் என்ற விவசாயப் பெண் வண்டியிலிருந்து இறங்கி வந்து, "ஏனுங்க, நேத்து வெடியால புடுங்குன கெழங்குங்க. இன்னைக்கு எறக்கலீன்னா நாளைக்கு மாட்டுக்குத்தான் போடோணும்" என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். சென்னிமலை குவியலில் ஒன்றை எடுத்து முறித்தான். வெள்ளைக்குள் நீலக் கருப்பாக நரம்பு ஓடியிருந்தது. ஒன்றல்ல, எடுத்த ஐந்திலும்.

அவன் கொட்டகைக்குள் போனபோது சத்தம் சாலை வரை கேட்டது.

"அஞ்சு ரூவா வந்ததும் கை சோம்பிப்போச்சா? பதினோரு பேரு ஏழு ஏழு உரிச்சீங்க. இப்ப ஆளுக்கு ஆறைத் தாண்ட மாட்டீங்கறீங்க. நான் சட்டப்படி குடுக்கறேன்ல? நீங்களும் மனசாட்சிப்படி உரிக்கோணுமில்ல?"

கத்திகள் மட்டும் ஓடின. பிறகு காளியாத்தாள் கிழங்கைக் கீழே வைத்தாள்.

"மொதலாளி, நானு அன்னைக்கும் ஆறுதான் உரிச்சேன், இன்னைக்கும் ஆறுதான் உரிக்கறேன். வேணும்னா என்ற கையைப் பாருங்க." நீட்டினாள். உள்ளங்கை வெளுத்து ஊறி, விரல் நுனிகள் வெடித்திருந்தன.

"அப்பறம் ஏழு கொட்டை எப்படி வந்துச்சு?"

"புளியங்கொட்டையில பேரா எழுதியிருக்குது? உங்கக்கா வெடியறதுக்கு முன்னால உக்காந்தா பொழுது எறங்கற வரைக்கும் எந்திரிக்க மாட்டாங்க. பன்னெண்டு கூடைங்க நாளைக்கு. அவியளுக்கு டப்பா இல்லையே? ஆருக்கு அன்னைக்குக் கொறையுதோ அவிய டப்பாவுல போடுவாங்க. ஆராயிக்கு மூணு, சின்னாயிக்கு மூணு, எங்களுக்கு ஒண்ணு அரை. உங்கக்கா கையையும் சேத்தி எண்ணிப்போட்டு, இப்ப எங்க கையைத் திட்டறீங்களே, இது ஞாயமுங்களா?"

சென்னிமலை சுவரோரம் பார்த்தான். நாள் கூலி வந்த பிறகு டப்பாக்களை யாரும் தொடவில்லை. பதினொன்றும் வரிசையாக, மேலே மாவுத் தூசி படிய இருந்தன.

*

வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பன்னெண்டு கூடையா, அக்கா?"

"சில நாளு பதிமூணும் வரும்" என்றாள் சென்னியம்மாள்.

"எத்தனை வருஷமா?"

"உனக்குத் தெரியாதா நான் எப்ப உக்காந்தேன்னு? பதினெட்டு வருஷம்."

"என்ற கிட்டச் சொல்லாம, என்ற காசை எடுத்து இவங்களுக்கெல்லாம் பங்கு போட்டயா? ஊருக்குள்ள நான் ஏமாளியா?"

"ஏமாத்துனது ஆரு, தம்பி? நீ கூலி குடுத்த ஒவ்வொரு கூடையும் உரிச்சுத் தொட்டியில கொட்டுன கூடைதான். உரிக்காத கூடைக்கு ஒத்தைப் பைசா வாங்குனதில்ல ஒருத்தியும்." அவள் குரல் உயரவில்லை. "என்ற கூடைக்குக் கொட்டையை எங்க போடறது? எனக்குன்னு ஒரு டப்பா வெச்சிருந்தீன்னா அதுல போட்டிருப்பேன். வெச்சயா?"

சென்னிமலை மனைவியைத் திரும்பிப் பார்த்தான். "நீதான எண்ணுனே? உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க" என்றாள் சௌந்திரம். "நங்கையாவுக்குக் காச்சல் வந்து படுத்திருந்தாங்களே, ஆடியில? அந்த நாலு நாளும் ஆராயி டப்பாவுல நாலுதான் இருந்துச்சு. நீங்க மேட்டூருல மோட்டாரு பாக்கப் போயிருந்தீங்க. அப்பறம் நீங்களும் கேக்கல, நானும் சொல்லல."

"ஊட்டுக்குள்ளயே ரெண்டு பேரும் சேந்துட்டீங்க."

"சேரலீங்க. எண்ணறவளுக்குக் கண்ணு இருந்துச்சு, அவ்வளவுதான்."

வெளியே முத்தாயம்மாளின் வண்டி திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. மாட்டுக்குப் போடப் போகிற கிழங்கு.

சென்னியம்மாள்தான் மறுபடி பேசினாள். "எனக்கு இருவத்திரண்டு வயசு அப்ப. கருமாதி முடிஞ்சு வந்த மறு மாசம். ஊட்டுக்குள்ள இருந்தா வர்றவ போறவயெல்லாம் என்ற நெத்தியவே பாக்கறாங்கன்னு, அப்பா என்னைய அந்தக் கொட்டகையில கொண்டுபோயி உக்கார வெச்சாரு. மொத நாளு ஒரு கெழங்கு உரிக்கல நானு. கண்ணுல தண்ணி நிக்கல, கையில கத்தி நிக்கல. பொழுதோட அப்பா வந்து என்ற முன்னால பாத்தாரு. ரெண்டு கூடை நெறையக் கெழங்கு இருந்துச்சு. 'பரவால்லயே'ன்னு சொல்லீட்டுப் போயிட்டாரு. அந்த ரெண்டு கூடையும் ஆராயி உரிச்சது. அன்னைக்கு அவ டப்பாவுல ரெண்டு கொட்டை கொறஞ்சுது. அவ எனக்கு வெச்சா. நான் அவளுக்குப் போட்டேன். அப்பறம் அப்படியே பழகிப்போச்சு."

சென்னிமலை கட்டிலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினான். ஒரு செருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"உன்னைய நான் ராணி மாதிரி வெச்சிருக்கறேன்னு நெனச்சிட்டிருந்தேன், அக்கா."

"நீ ஒண்ணும் கொற வெக்கல. சேலை வேணும்னா வாங்கித் தர்றே. கோயிலுக்குன்னா வண்டி பூட்டறே." அவள் நிறுத்தினாள். "என்ன, கேக்கோணும். ஒரு மூக்குப்பொடி டப்பி வேணும்னாலும் நானு உன்னையோ சௌந்திரத்தையோ கேக்கோணும். நாப்பது வயசாச்சு, சாமி."

*

மறுநாள் காலை சென்னிமலை சைக்கிளை எடுத்துக்கொண்டு நிறுத்திய இரண்டு பேரையும் தேடிப் போனான். சின்னாயி உடனே வந்துவிட்டாள். குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவள் தலையைக்கூடத் துவட்டாமல் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். ஆராயி வரவில்லை. வாசலில் நிலக்கடலையைத் தொலித்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"நாலு கூடைக்காரி நானு. இப்ப ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. அஞ்சு ரூவா வாங்கறன்னைக்கெல்லாம் மத்தவளுக என்ற மூஞ்சியப் பாப்பாளுக. வேண்டாமுங் மொதலாளி."

"களத்துல ஜவ்வரிசி காயுது. காக்கா ஓட்டறதும் கிண்டி விடறதும் வேலைதான? அதுக்கும் அதே கூலிதான்."

"எரக்கப்பட்டுக் குடுக்கறதை எரக்கமாப் போடுங்க. கூலின்னு பேரு வெக்காதீங்க."

அவன் தனியாகத் திரும்பி வந்தான்.

பத்து மணிக்குச் சுவாமிநாதன் புதுப் பதிவேட்டோடு வந்தார். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, தான் எழுதிய தாளை எடுத்து நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "தப்பு என் மேலதான். டப்பாவை எண்ணுனேன், கொட்டகைக்குள்ள போய்ப் பார்க்கல" என்றார். பிறகு பதிவேட்டை விரித்தார். "இப்ப என்ன பண்ணலாம்?"

"எங்கக்கா பேரை எழுதுங்க" என்றான் சென்னிமலை. "பங்காளிகளை நான் பாத்துக்கறேன். புது அரவை மிசினுக்குன்னு வெச்சிருந்ததை இந்த வருஷக் கூலிக்கு எடுத்துக்கலாம். மிசினு அடுத்த வருஷம் வரட்டும்."

சென்னியம்மாள் கதவோரம் நின்றிருந்தாள். கத்தி இடுப்பில் செருகியிருந்தது.

சுவாமிநாதன் பெயரை எழுதினார். வேலை: தோல் உரிப்பு. கூலி எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"வேலைக்குச் சேர்ந்த தேதி. இன்னைத் தேதி போட்டுடலாமா?"

"பதினெட்டு வருஷமா உரிக்கறாங்களே?"

"அது சரி. ஆனா பழைய தேதியை எழுதினா, நாளைக்கு இவங்க வேலையை விட்டு நிக்கறப்ப, அந்தத் தேதியிலிருந்து வருஷத்துக்கு இத்தனைன்னு நீங்க கிராஜுவிட்டி கொடுக்கணும். கொஞ்சப் பணமில்ல. மத்த மில்லுல எல்லாருக்கும் புதுத் தேதிதான் போடறாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

சென்னிமலை யோசித்தான். மிசின் சத்தம் கேட்கவில்லை. இன்னும் கூடை நிறையவில்லை. அக்காவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அறுவத்தியொண்ணு, தை. அப்பா கருப்பு மாடு வாங்குன வருஷம். எழுதுங்க."

சுவாமிநாதன் எழுதினார். மை காயும் வரை ஊதினார்.

"தம்பி" என்றாள் சென்னியம்மாள். "அந்தத் தேதி எனக்கு மட்டுந்தானா?"

சென்னிமலைக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும், பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். அக்காவின் பெயருக்கு மேலே, தலைப்புக்குக் கீழே, ஒரு வரி காலியாக இருந்தது. சுவாமிநாதன் அழகுக்காக விட்ட இடம்.

"எல்லாருக்கும் அவிய வந்த தேதிதான். மொதல்ல அதுல ஆராயி பேரை எழுதுங்க" என்றான். "அவ எப்ப வந்தா, அக்கா?"

"மில்லுக்குக் கடைக்கால் போடறப்ப மண்ணுச் சுமந்தவ. அம்பத்தெட்டு."

"அம்பத்தெட்டுன்னு போடுங்க. வேலை, களம். அவ நின்னுக்கறேன்னு சொன்னாலும் இருவத்தோரு வருஷத்துக்கு உண்டானது அவளுக்கு வரோணும். அது எரக்கமில்ல. அதைச் சொன்னா வருவாளா?"

"சொன்னா நம்ப மாட்டா. நோட்டைக் காட்டோணும். ரேகை வெக்கற மைப்பெட்டியும் எடுத்துக்க." சென்னியம்மாள் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "நானும் வாரேன். நான் வந்தாத்தான் அவ நிமுந்து பாப்பா."

சென்னிமலை பதிவேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். வெயில் ஏறியிருந்தது. சாலையைத் தாண்டும்போது அவள் நின்று மில்லைத் திரும்பிப் பார்த்தாள்.

"போயிட்டு வர்றதுக்கு மத்தியானம் ஆயிரும்" என்றாள். "எனக்கு அரை நாள் கூலியப் புடிச்சுக்க, தம்பி."